பாவாத்தாளின் காது

மாட்டுக்குச் சோளத்தட்டு போடக் குனிந்தபோது அது தலையை வீச, கொம்பில் மாட்டிய தோடு பாவாத்தாளின் வலது காதைக் கிழித்துவிட்டது. காரமடைப் பக்கம் தோட்டத்தில் இருப்பவளுக்கு வேலை முதலில், காது அப்புறம். புண் ஆறியது; கிழிசல் கிழிசலாகவே நின்றது.

தொண்ணூற்று நான்கில் தம்பி அப்புசாமிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நகைநட்டோடு நின்று இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. “தோடில்லாத காதோட எப்பிடி நிக்கறது? சித்தப்பன் மகளை நிறுத்திக்கலாம்” என்று பெரியவர்கள் பேசினார்கள். அந்தச் சித்தப்பன் மகளோ, யாரும் கேட்பதற்கு முன்பே பட்டுப்புடவை எடுத்துவிட்டாள். பாவாத்தாளுக்கு அது பொறுக்கவில்லை. அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்.

சந்தையில் காது ஒட்டுகிறவன், “மருந்து தடவினா மறுநாளே தோடு போட்டுக்கலாம்” என்றான். அவனிடம் போன ஒருத்திக்குக் காது வெந்துபோனதைப் பார்த்திருந்ததால், கோயமுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

“எதுக்கும்மா தைக்கணும்? வலிக்குதா?” என்றார் டாக்டர் அப்துல் மஜீத்.

வலிக்கிறது என்று சொல்லும்படி வரிசையில் நின்றவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இவளுக்குப் பொய் வாயில் வரவில்லை.

“வலியெல்லாம் இல்லீங்க. தோடு போடோணுமுங்க.”

“வெறும் அழகுக்குன்னா இங்கே இலவசமாச் செய்ய முடியாதேம்மா.”

“அழகுக்கு இல்லீங்க. என்ற தம்பிக்குங்க.”

முழுக் கதையையும் சொன்னாள். மாடு வந்த இடத்தில் டாக்டர் பேனாவை எடுத்தார்.

“மாடு கிழிச்சதுன்னா அது காயம். காயத்தைச் சரிபண்றது எங்க வேலைதான்.”

“மருந்து தடவிக் காதை வேக வெக்கறானே, அந்தச் சந்தைக்காரனை ஆருங்க கேக்கறது?”

“கேட்கத்தாம்மா ஆளில்லை” என்றார் அவர் சலிப்போடு.

தையல் போட்ட பிறகுதான் தலையில் இடி விழுந்தது. சில மாதங்களுக்குத் தோடே போடக் கூடாதாம். கல்யாணமோ அடுத்த வாரம். ரவிக்கையைத் தைத்தவுடன் போட்டுக்கொள்வதைப் போல நினைத்துவிட்டாள், பாவம்.

வீட்டுக்கு வந்ததும், “சித்தப்பன் மகளையே நிறுத்திக்க, கண்ணு” என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்புசாமி கையை உதறினான். கூடத்தில் இருந்த பெரியவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான்:

“என்னைத் தூக்கி வளத்துனது தோடா, நீயா? நீ நிக்காட்டி நான் மணவறை ஏறமாட்டேன், அக்கா.”



இணைச்சீருக்கு, காதில் வெள்ளைக் கட்டோடு பாவாத்தாள்தான் நின்றாள். கட்டுத் தெரியாதபடி கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னார் போட்டோக்காரர்.

“தெரியட்டுமுங்க” என்றாள் பாவாத்தாள்.