காற்றாடி தின்ற கேஸ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஜொகூர் செடெனாக்கில் இருக்கும் என் தம்பி குணா வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்துக்கு இல்லை... தணிக்கைக்கு.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. செலவைக் குறைக்கணும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் அவர்கள் வாசலில் நிற்பேன். இந்த முறை வாய் தவறியது குணாவின் மனைவி புஷ்பாவுக்கு.

"அண்ணி, செலவு கட்டுப்படியாவலன்னு இவரு பட்டறைய மூடிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேங்கிறாரு. திங்கக்கெழம பதில் சொல்லணுமாம். நீங்க வந்து பேசுங்களேன்" என்றாள் போனில்.

குணா வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, கேட், கிரில் வெல்டிங் செய்கிறவன். வேலைக்குக் குறைவில்லை. கையில்தான் ஒன்றும் நிற்பதில்லை. சிங்கப்பூர் என்றால் விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, இருட்டிய பிறகு வந்து விழ வேண்டும். புஷ்பா புருஷன் முகத்தைத் தூக்கத்தில்தான் பார்ப்பாள். ஜொகூரில் எத்தனை வீட்டில் இதே கதை... உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது தோங். கேஸ் சிலிண்டரை இங்கே யார் சிலிண்டர் என்கிறோம்? தோங்தான். கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு மூன்று, சுவரோடு சங்கிலி போட்டு நின்றன.

"எதுக்குடா மூணு?"

"ஒண்ணு ஓடுது. ஒண்ணு கைவசம். ஒண்ணு காலி, அக்கா."

"காலிக்கும் வாடகையா?"

"வாடகை தோங்குக்குத்தான். உள்ள கேஸ் இருக்கா இல்லையான்னு கம்பெனிக்கு என்ன?"

எனக்கு ஏறிவிட்டது. சும்மா நிற்கிற இரும்புக்கு மாதாமாதம் படி அளப்பதா? இன்றைக்கே ஒன்றைத் திருப்பிக் கொடு என்றேன். முடியாதாம். கேஸ் லாரி வருவதற்குள் இரண்டும் தீர்ந்துவிடுகிறதாம், அதனால்தான் மூன்றாவது.

அங்கேதான் இடித்தது. ஒற்றை ஆள் வேலை செய்யும் பட்டறை இவ்வளவு கேஸ் குடிக்குமா? எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டினேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரைத்து, வால்வு, குழாய், மூட்டு எல்லாவற்றிலும் தடவினேன். கசிந்தால் குமிழி வரும். ஒன்றுகூட வரவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். சரி, வேலை முடிந்ததும் வால்வை மூடுகிறானா? மூடுகிறான். அப்புறம் என்னதான்?

குணா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். புஷ்பா தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தாள்.

"அந்தக் காத்தாடிதான்கா" என்றான், குரலைத் தாழ்த்தி.

மூலையில் நின்றது பெரிய ஸ்டாண்ட் காற்றாடி. அவன் வேலை செய்யும் இடத்தைப் பார்த்து முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். இவன் செய்கிற வெல்டிங்கில் கம்பியோடு கேஸும் வரும். உருகுகிற இரும்பில் வெளிக்காற்று படாமல் மூடிக் காப்பது அந்த கேஸ்தான். காற்றாடி வீசினால் அது கலைந்துவிடும். ஒட்டிய இடம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அதற்காக இவன் கேஸை இன்னும் கொஞ்சம் திறப்பான், காற்றாடி அதையும் தள்ளும், இவன் இன்னும் திறப்பான்... பாதி கேஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நிப்பாட்ட வேண்டியதுதானேடா?"

"புஷ்பா வாங்குன காத்தாடிக்கா."

போன வருஷம் ஒரு மத்தியானம், வெக்கை தாங்காமல் இதே இடத்தில் குணா மயங்கி விழுந்தான். முதலில் பார்த்தது புஷ்பா. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், வெல்டிங் முகமூடியைக் கழற்ற அவள் பட்ட பாடு... ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில் இந்தக் காற்றாடியை வாங்கினாள்.

"வேணாம்னு சொன்னா சரின்னுருவா. ஆனா உள்ள உக்காந்து பயந்துக்கிட்டே இருப்பா. போவுது விடுக்கா, கேஸ்தானே" என்றான்.

கேஸ்தானாம். அந்த கேஸ் செலவு தாங்காமல்தான் பட்டறையை மூடப் போகிறான். இவனை என்ன செய்வது? திட்டத்தான் வாய் திறந்தேன். கண் கலங்கிவிட்டது.

திரும்பினால் புஷ்பா. கையில் தேத்தண்ணித் தட்டு. எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

தட்டை வைத்தாள். நேராகப் போய்க் காற்றாடியை நிறுத்தினாள்.

"இத்தன நாளா ஏங்க சொல்லல?"

குணா முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"இங்க விழுந்தா ஓடி வந்து தூக்க நான் இருக்கேன். சிங்கப்பூர்ல விழுந்தா எனக்கு யாருங்க சொல்லுவா?" என்றாள் புஷ்பா.

தேத்தண்ணி ஆறிப்போனது.

"போவல" என்றான் குணா. "திங்கக்கெழம போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன்."

நேற்று மறுபடி போயிருந்தேன். மூன்று தோங்கில் ஒன்று லாரியேறிப் போய்விட்டது. மற்ற இரண்டும் அடுத்த லாரி வரும்வரை தாராளமாகத் தாங்குகின்றன. இந்த மாதம் கையில் கொஞ்சம் நின்றது என்றான் குணா.

காற்றாடி இருக்கிறது. ஸ்விட்ச் மட்டும் புஷ்பாவிடம். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். 'சர்ர்' என்ற சத்தம் நின்றால் காற்றாடியைப் போடுகிறாள். குணா "புஷ்பா" என்றால் நிறுத்துகிறாள்.

நீளமான இணைப்பை ஒரே மூச்சில் ஒட்டி முடிக்கிறவன் என் தம்பி. நேற்று விரல் நீளத்துக்கு ஒட்டினான், நிறுத்தினான், முகமூடியைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்கினான். ஆற அமர "புஷ்பா" என்றான். மறுபடி விரல் நீளம். மறுபடி "புஷ்பா".

இப்படி ஒட்டினால் ஒரு கேட் எப்போது முடியும்? நேரமும் காசுதானே? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்...

விட்டுவிட்டேன். எல்லாவற்றிலுமா மிச்சம் பிடிப்பது?