அறந்தாங்கியில் 1.2, அங்கே 150

அந்த டிரைவர் அண்ணன் கவுண்டரில் இரண்டு காகிதங்களை வைத்தபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. அறந்தாங்கியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். மெஷின், மருந்து, ரிப்போர்ட் எல்லாம் என் பொறுப்பு. ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் கையெழுத்தும் என்னுடையதுதான்.

அவரை எனக்கு நினைவிருந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டப் போகிறேன் என்று வந்தவர். விசாவுக்கான மெடிக்கலைச் சென்னையில் முடித்துவிட்டார். அதற்கு மேலே அந்தக் கம்பெனி ஒரு கிட்னி டெஸ்ட் கேட்டது என்று எங்களிடம் வந்தார். கிரியேட்டினின் பார்த்தோம். கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு அது. ரத்தத்தில் கூடினால் கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தம். 1.3 வரை இருக்கலாம். அவருக்கு 1.2 வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளம்பிப் போனார்.

"மேடம், ஒங்க பேப்பர்ல ஒண்ணு புள்ளி ரெண்டு. அங்க போயி எறங்கின மூணாம் நாள் கம்பெனி ஆஸ்பத்திரில எடுத்தாங்க. நூத்தம்பதாம். வேலைக்கு லாயக்கில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒண்ணு எப்படி நூத்தம்பதாகும்? எது நெசம்னு நீங்களே சொல்லுங்க."

அளவு வேறு என்று விளக்கினேன். நாங்கள் மில்லிகிராமில் சொல்கிறோம், அங்கே மைக்ரோமோலில் சொல்கிறார்கள். தூரத்தை மைலில் சொல்வதற்கும் கிலோமீட்டரில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். 88.4-ஆல் வகுத்தால் நம் கணக்குக்கு வந்துவிடும். அவர் முன்னாலேயே செல்போனில் வகுத்துக் காட்டினேன். 1.7 வந்தது.

செல்போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சரி மேடம். அப்பவும் ஒண்ணு புள்ளி ரெண்டு இல்லையே?"

அவர் கையில் மறுபடி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தேன். மறுபடியும் 1.2. அதற்குள் எங்கள் முதலாளி வந்துவிட்டார். பக்கத்திலிருக்கும் மருந்துக்கடையும் அவருடையதுதான். விஷயத்தைக் கேட்டதும், "அங்க உள்ளவங்கதான் தப்பாப் பாத்திருக்காங்க. நம்ம லெட்டர்பேடுல எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா. கம்பெனிக்கு அனுப்பட்டும்" என்றார்.

நாங்கள்தான் சரி என்று அன்றைக்கு நானும் நம்பினேன். அதை மறைக்க விரும்பவில்லை. லெட்டர் வலுவாக இருக்க வேண்டுமே என்பதற்காகத்தான் இன்னொரு லேபில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினேன். அங்கே 1.4 என்றார்கள். இப்போது மூன்று எண்கள் ஆகிவிட்டன. புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள் என்றேன். "நாலாவதா வேற ஒரு நம்பர் வாங்கிட்டு வரவா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

லெட்டரை நான் எழுதவில்லை. அந்த வளைகுடா ரிப்போர்ட்டின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, எங்கள் ரிப்போர்ட்டையும் என் போன் நம்பரையும் சேர்த்து அனுப்பினேன். உங்கள் மெஷின் சரியாகத்தான் ஓடுகிறதா என்று கேட்பதை எவ்வளவு மரியாதையாக எழுத முடியுமோ அவ்வளவு மரியாதையாக எழுதினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு கால் வந்தது. வெளிநாட்டு நம்பர்.

"வணக்கம். அறந்தாங்கியில இருந்து எழுதினது நீங்களோ? நான் அந்த லாப்பிலதான் வேலை செய்யிறன். என்ர ஊர் யாழ்ப்பாணம். உங்கட ரிப்போர்ட்டில தமிழைப் பாத்தனான், அதான் எடுத்துக் கதைப்பம் எண்டு நினைச்சன்."

இங்கிலீஷில் சண்டை போடத் தயாராக இருந்தவள் நான்.

"அந்த ஆளைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேலாது" என்றார் அவர். "ஆனா எங்கட மெஷினைப் பற்றிக் கதைக்கலாம். அண்டைக்கு ஓடின எல்லாத்தையும் திருப்பிப் பாத்தனான். பிழை இல்லை. இப்ப நீங்கள் சொல்லுங்கோ, உங்கட எண்ணை வெளியில இருந்து ஆர் பாக்கினம்?"

"தினமும் கன்ட்ரோல் ஓட்டுறோம்" என்றேன். மெஷின் சரியாக அளக்கிறதா என்று நாங்களே வைத்துப் பார்க்கும், அளவு தெரிந்த மாதிரி அது.

"அது நீங்களே உங்களைப் பாக்கிறது. நான் கேட்டது வெளியாக்களை."

யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதைக் குத்திக் காட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு நாட்டிலும் அளவுகளுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. கிலோவுக்கும் மீட்டருக்கும் அதுதான் மூலம். அதேபோல, ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிநீரான சீரத்தில் கிரியேட்டினின் சரியாக எவ்வளவு இருக்கிறது என்று தீர்மானிக்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே மாதிரியைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டு, அவரவர் அளந்ததை ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக்கொள்கின்றன. யாராவது விலகியிருந்தால் அந்தச் சுற்றில் தெரிந்துவிடும். அப்படி உறுதியான அளவுள்ள சீரத்தைச் சின்னக் குப்பிகளில் அடைத்து எங்களைப் போன்ற லேபுகளுக்கும் அனுப்பும் திட்டங்கள் உண்டு. குப்பிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நாம் அளந்து அனுப்ப வேண்டும்.

"நாங்கள் ரெண்டு மாசத்துக்கொருக்கா செய்யிறம். உங்கட நாட்டிலயும் இருக்கு. சேருங்கோ. பிறகு ஆருடைய எண் சரி எண்டு நானும் நீங்களும் அடிபடத் தேவையில்லை."

முதலாளியிடம் சொன்னேன். "இதெல்லாம் பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க பண்றது. நம்ம ஊருக்கு எதுக்கு?" என்றார்.

"நம்ம ஊருலேருந்துதான் சார் வெளிநாடு போறாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு போயிருக்கு. நம்ம பேப்பரத்தான் கையில கொண்டு போறாங்க."

அவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

குப்பி வந்த அன்று கூரியர்காரர் புதுக்கோட்டையிலிருந்து போன் செய்தார். அறந்தாங்கி வண்டி நாளைக்குத்தான் என்றார். உள்ளே ஐஸ் இருக்கிறது, வெளியே சித்திரை வெயில். அரை நாள் லீவு போட்டு பஸ் பிடித்துப் போய், தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அளந்தேன். 2.1. அனுப்பினேன்.

முடிவு வர இரண்டு வாரமாயிற்று. ஒரு படம். எல்லா லேபுகளின் புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டி நெருங்கி நின்றன. கீழே, தனியாக, ஒரு புள்ளி. அது நான். குப்பியில் இருந்த அளவு 3.0.

அன்று முழுக்க மெஷினைக் குடைந்தேன். பல்பை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். எதிலும் கோளாறு இல்லை. சாயங்காலம் காலிப் பெட்டிகளைக் கிளறி, மெஷினுக்கு அளவு சொல்லிக் கொடுக்கும் கேலிபரேட்டர் மருந்தோடு வந்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பழைய பாட்டிலின் சீட்டில் கிரியேட்டினின் 1.5 என்று இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் திறந்த புதுப் பாட்டிலில் 2.1. மெஷினில் இன்னும் 1.5-தான் இருந்தது; 2.1 இருப்பதை அது 1.5 என்றே எடுத்துக்கொண்டது. பாட்டிலை மாற்றியவள் நான். எண்ணை மாற்றாமல் விட்டவளும் நான். உண்மையில் 1.7 இருப்பவருக்கு எங்கள் மெஷின் 1.2 காட்டும். பேப்பரில் போட்டுப் பார்த்தேன், அச்சாக வந்தது.

அதைவிட மோசமான ஒன்று நினைவுக்கு வந்தது. பாட்டில் மாற்றிய வாரம் கன்ட்ரோல் குறைவாகத்தான் காட்டியது. பவர் கட்டில் ஃப்ரிட்ஜ் நின்று கன்ட்ரோல் கெட்டுவிட்டது என்று நானே முடிவு செய்தேன். புதிதாக வந்த எண்களுக்குச் சராசரி போட்டு, இதுதான் இனிமேல் சரி என்று சார்ட்டில் எழுதி வைத்தேன். நோயாளிகளுக்கும் எல்லாருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்துகொண்டிருந்தது. கூடி வந்தால் டாக்டர்கள் போன் செய்வார்கள். குறைந்து வந்தால் ஒருவரும் கேட்பதில்லை.

மறுநாள் காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடவே ஒரு பட்டியலையும் வைத்தேன். நான்கு மாத நோட்டைப் புரட்டி எடுத்தது. திருத்திக் கணக்குப் போட்டால் எல்லையைத் தாண்டுகிறவர்கள் பத்தொன்பது பேர், டிரைவர் அண்ணன் உட்பட.

"இப்ப திருத்தியாச்சுல்ல? விட்டுரு. வெளிய தெரிஞ்சா கடையை மூட வேண்டியதுதான்."

"இதுல பாதிப்பேர் சுகர்க்காரங்க சார். கிட்னி நல்லாருக்குன்னு நம்பித்தான் டாக்டர் மாத்திரை எழுதியிருப்பாரு."

"கேஸ் போட்டா?"

"போட்டா நான் வந்து சொல்றேன், தப்பு என்னதுன்னு. ஆனா கூப்பிடாம இருக்க மாட்டேன். நீங்க வேணாம்னாலும் என் போன்லேருந்து கூப்பிடுவேன்."

அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. எழுந்து மருந்துக்கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்து, "மறுபடி டெஸ்ட் எடுக்க காசு வாங்காத" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

டிரைவர் அண்ணனுக்குப் போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கே போனேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"அப்ப அங்க சொன்னதுதான் சரியா?"

"ஆமாண்ணே. தப்பு எங்க பக்கம். நான் பண்ணது."

"நீங்க ஒழுங்காச் சொல்லியிருந்தீங்கன்னா நா பொறப்பட்டே இருக்க மாட்டேனே மேடம். ஊரெல்லாம் சொல்லிட்டுப் போயி, ஒரு மாசத்துல பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னேனே."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "நடந்தது நடந்துபோச்சு. இப்ப இங்கிட்டு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த நாள் மூன்று பேருமாகப் புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். அவருக்குப் பிரஷர் இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. வண்டி ஓட்டி ஓட்டி வந்த இடுப்பு வலிக்கு வருஷக்கணக்காகக் கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்கியிருக்கிறார். டாக்டர் முதலில் அதை நிறுத்தச் சொன்னார். பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார். ஆரம்பக் கட்டம்தான், பிடித்து நிறுத்தலாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. குப்பிக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் அந்த வலி மாத்திரைகளைத் தின்றுகொண்டுதான் இருந்தார். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கோபித்துக்கொண்டு போனவரை அன்றைக்கே பின்னால் போய்க் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சிலர் திட்டினார்கள். ஒரு டீச்சரம்மா, "சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்றார். ஒருவர் போனை வைத்துவிட்டு, அவர் மகனை அனுப்பி என்னை அரை மணி நேரம் கேள்வி கேட்க வைத்தார். கேட்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வந்து ரத்தம் கொடுத்தவர்களின் ரிப்போர்ட்டோடு, நடந்த தப்பை எழுதி டாக்டருக்கு ஒரு தாளும் இணைத்தேன். எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது இரண்டு நாட்டு அளவையும் சேர்த்தே அச்சடிக்கிறோம். புதுப் பாட்டில் திறந்தால் சீட்டில் உள்ள எண்ணை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், லேபில் கூட வேலை பார்க்கும் பெண் மெஷினில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

பதினெட்டுப் பேர் முடிந்தார்கள். ஒருவர் நம்பர் மட்டும் உபயோகத்தில் இல்லை என்றே வந்தது. ரிப்போர்ட்டில் அன்னவாசல் பக்கம் ஒரு ஊர்ப் பெயர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். டீக்கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். அவர் மனைவி வெளியே வந்தார். கையில் ஈர மாவு.

"அவுக இங்க இல்லியே. வெளிநாடு போயி மூணு மாசமாச்சு. கட்டட வேலை. என்ன விசயம்?"

சொன்னேன். பயந்துவிட்டார். உடனே வீடியோ கால் போட்டார். மறுமுனையில் ஹெல்மெட்டோடு ஒருவர், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நா நல்லாத்தானே இருக்கேன்? நீங்க யாருங்க?" என்றார்.

கம்பெனி கிளினிக்கில் ஒரே ஒரு டெஸ்ட் எடுங்கள் என்று கெஞ்சினேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தயங்கினார். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. எடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் மனைவி போனைப் பிடுங்கி, "எடுத்துட்டுத்தான் எங்கிட்ட மறுபடி பேசணும்" என்று வைத்துவிட்டார்.

ஐந்து நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கிளினிக் ரிப்போர்ட். 121. எங்கள் நோட்டில் அவருக்கு 1.0 என்று எழுதியிருந்தது. திருத்தினால் 1.4, அங்கத்திய அளவில் 124. அங்கே அளந்தது வேறு மெஷினில், வேறு கையால், கடல் தாண்டி. ஆனாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன.

"பயப்படணுமா?" என்று அந்த அம்மா போனில் கேட்டார்.

"எல்லையத் தாண்டிக் கொஞ்சந்தான் போயிருக்கு. தண்ணி நெறயக் குடிக்கச் சொல்லுங்க, வெயில்ல காஞ்சு கெடக்க வேணாம். அங்கயே டாக்டரப் பாத்து, மூணு மாசத்துல இன்னொரு தடவ எடுக்கச் சொல்லுங்க."

"அங்கயே எடுத்தாப் போதுமா? ஒங்ககிட்ட வர வேணாமா?"

"போதும்மா" என்றேன். "அங்க எடுத்தாலும் இங்க எடுத்தாலும் இனிமே ஒண்ணுதான்."

டிரைவர் அண்ணன் இப்போது ஒரு ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் வருகிறார். அன்றைக்கே இன்னொரு லேபிலும் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறார். முதல் தடவை எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது அந்த ரிப்போர்ட்டையும் நானே கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.