பின்வாசலுக்கு வந்த ஒன்பது பேர்

சந்தைத் தெருவிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவர் இருபத்தாறு வருடம் லென்ஸ் தேய்த்தார். முன்பக்கம் ஒரே வெளிச்சமும் விளம்பரப் படங்களுமாக இருக்கும். பின்னறையில் ஒரு தேய்க்கும் மெஷின், அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்க் குழாய், தட்டுத் தட்டாக அடுக்கிய பிரேம்கள், ஒரு முக்காலி. லென்ஸைப் பிரேமுக்குத் தக்கபடி தேய்த்து, உட்காரவைத்து, காதுக்கம்பியை வளைத்துக் கொடுப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். அவரும் ஆட்களை முகத்தால் அல்ல, கண்ணாடி நம்பரால்தான் நினைவு வைத்திருந்தார்.

"அதோ போறார் பாரு, மைனஸ் மூணரை. எதிர்ல வர்ற மாமியாரைத் தெரியலைன்னு சொல்ல இந்த ஊர்லயே அவருக்கு மட்டும்தான் நியாயமான காரணம் இருக்கு" என்பார் மனைவியிடம்.

"சபைக்குப் போற வழியில பேசற பேச்சா இது" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

டயர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தச் சபை. கல்யாணமான வருடத்திலிருந்து இருவரும் அங்கேதான் போனார்கள். ஒரே மகள் அங்கேதான் வளர்ந்து, அங்கேதான் தாலி ஏறி, வேறு ஊருக்குப் போனாள். அவருக்கு மேடையில் வேலை இல்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாற்காலிகளை வரிசையாகப் போடுவார், வாசலில் நின்று பாட்டுத்தாள் கொடுப்பார், காணிக்கைப் பையை நீட்டுவார். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

பழைய போதகர் இறந்தபின் வந்தவர் இளம் போதகர். முப்பத்தைந்து வயது, தேன் போலக் குரல். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவார். சாவு வீட்டில் பெட்டிக்குத் தோள் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை. பின்னால் நடந்ததையெல்லாம் அதுதான் கஷ்டமாக்கியது.

அவர் வந்த மூன்றாம் வருடம் அந்தப் போதனை ஆரம்பித்தது. "நோய் ஒரு பொய். பொய்யை வாயால சொல்லாதீங்க. சுகமாயிட்டேன்னு சொல்லுங்க. வாய் முன்னாடி போகட்டும், உடம்பு பின்னாடி வரும்" என்றார். ஜனங்கள் ஆமென் என்றார்கள். அதன்பிறகு சபையில் ஒருவருக்கும் ஜலதோஷம் இல்லை. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்ததே தவிர, விபரீதமாகத் தோன்றவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தின் முடிவில், "உங்க முகத்துல மாட்டியிருக்கிறது கண்ணாடி இல்ல, அவிசுவாசம். அதைக் கழட்டிக் கொண்டுவந்து போடுங்க" என்றார். ஓர் அட்டைப்பெட்டி வேண்டியிருந்தது. வாசலில் நின்றவரைக் கைகாட்டி அழைத்தார். கண்ணாடிக்காரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன் நின்றார்.

ஒவ்வொன்றாக விழுந்தது. விழுந்த ஒவ்வொன்றும் அவர் தேய்த்தது. கீபோர்டு வாசிக்கிற தம்பியுடையது, பிளஸ் ஒன்று. தபாலாபீஸ் அக்காவுடையது, இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதம், அதற்காக ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டார். ஸ்கூல் வேன் ஓட்டுகிற தம்பியுடையது, மைனஸ் இரண்டரை. கடைசியில் அவர் மனைவி வந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்காமல் தன் கண்ணாடியைக் கழற்றி மெதுவாக வைத்தாள். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் அவர் மூக்கிலிருந்தது மட்டும் தப்பியது. "உங்க நேரமும் வரும்ணே" என்று போதகர் சிரித்தார்.

அடுத்த இரண்டு வாரமும் சாட்சிகள் குவிந்தன. எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்றார்கள். மூன்றாம் வாரம், கடை மூடப்போகிற நேரத்தில் பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. கீபோர்டு தம்பி.

"அண்ணே, பழைய நம்பர்லயே ஒண்ணு போட்டுக் குடுங்க. என் விசுவாசம் பத்தலை போல. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் நோட்டு எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சபையில யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சொல்லமாட்டேன் தம்பி" என்றார் இவர்.

நாலு நாள் கழித்துத் தபாலாபீஸ் அக்கா. அவளும் அதையே சொன்னாள். எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும்தான். பிறகு ஒரு புருஷனும் பெண்டாட்டியும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், வெவ்வேறு நாளில். மாதம் முடிவதற்குள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பின்கதவில்தான் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் தன் ஒருவருக்குத்தான் விசுவாசம் இல்லை என்ற வெட்கம். எல்லோரும் ஒரே படகில் இருப்பது இந்த ஒரு மனிதருக்குத்தான் தெரியும். சொல்லக்கூடாதென்று ஒன்பது தரம் வாக்குக் கொடுத்திருந்தவரும் அவரேதான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுத்தாள் கொடுக்கையில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர் அடுத்த ஆளுக்குத் தாளை நீட்டுவார்.

மனைவி மட்டும் எதுவும் கேட்கவில்லை. காலையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். ஒருநாள் எட்டிப் பார்த்தார். உதடு சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. திறந்திருந்த பக்கமோ வெறும் பெயர்களாக நீளும் வம்ச வரலாறு.

"தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது" என்றாள். அதற்கு மேல் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

வேன் டிரைவர் பின்கதவுக்கு வரவே இல்லை. அவன் நிஜமாகவே நம்பினான். ஒரு வியாழக்கிழமை மதியம் கண்ணாடிக்காரர் டீ குடிக்கத் தெருவுக்கு வந்தபோது, பள்ளிக்கூட வேன் எதிர்ச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தன. அவன் இறங்கி வந்து, சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான்.

"தம்பி, உனக்குக் கண்ணு தெரியல."

"தெரியுதுண்ணே. கண்ணு காட்டுற பொய்யை நம்பக்கூடாது. அதுக்குத்தானே இந்தச் சோதனை."

"சுவர் பொய்யா தம்பி?"

அவன் வருத்தத்தோடு இவரைப் பார்த்தான். இவருக்காக அவன் பரிதாபப்படுவது தெரிந்தது.

அன்று மாலை அவர் தன் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படித்தவர் அல்ல. ஆனால் முப்பது வருடமாகத் தினம் இரண்டு பக்கம் வாசித்தவர். எங்கோ ஒரு குருடன் வருவானே என்று தேடினார். கிடைத்தது. வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தில் ஒரு பாட்டுத்தாளை அடையாளம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை போதகரின் அறைக்குப் போனார். மேடைக்குப் பின்னால், மீந்த நாற்காலிகள் அடுக்கிய சின்ன அறை.

"ஐயா, வேன் டிரைவருக்குக் கண்ணு தெரியல."

"நீங்க சொல்றீங்க. அவர் என்ன சொல்றார்?"

"தெரியுதுன்னுதான் சொல்றார்."

"அப்புறம் என்னண்ணே?"

அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இருந்தும் சொன்னார். "வேதத்துல ஒரு குருடன் ஐயா. ஆண்டவர் அவன் கண்ணுல கையை வச்சுட்டு, ஏதாவது தெரியுதான்னு கேக்கறார். மனுஷங்க நடக்கிற மரம் மாதிரி தெரியறாங்கன்னு அவன் சொல்றான். ஆண்டவர் முகத்துக்கு நேராவே, அரைகுறையாத்தான் தெரியுதுன்னு சொல்றான். ஆண்டவர் கோவிச்சுக்கலை. உனக்கு விசுவாசம் இல்லைன்னு சொல்லலை. மறுபடியும் கையை வச்சார். அவன் நல்லாத் தெரியுதுன்னு பொய் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் ஐயா?"

போதகர் மடியிலிருந்த வேதத்தை மூடிவைத்தார். பிறகு, "கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறவர் வேற என்ன சொல்லுவீங்க" என்றார். சொன்னது தனக்கே பிடிக்காததுபோலக் குரலைத் தாழ்த்தி, "நான் இப்போ மாத்திச் சொன்னா எத்தனை பேரோட விசுவாசம் உடையும்னு நினைச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

"யார் மேல வச்ச விசுவாசம் ஐயா?"

போதகர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில், முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடிக்காரர் கையைத் தூக்கினார். சபையே திரும்பிப் பார்த்தது. மைக்கை வாங்கிக்கொண்டார். குருடனின் கதையைச் சொன்னார். "உண்மையைச் சொல்றது அவிசுவாசம் இல்லை. தெரியாதவங்க தெரியலைன்னு சொல்லலாம். வெட்கம் இல்லை. நீங்க மட்டும்னு யாரும் நினைக்க வேண்டாம்" என்றார். அதற்குமேல் யாரையும் காட்டிக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. ஒன்பது பேரையும் பார்த்தார். ஒருவராவது எழுந்திருப்பார் என்று காத்திருந்தார்.

போதகர் விரலால் ஜாடை காட்டினார். கீபோர்டின் இசை எழும்பியது. சட்டைப்பையில் புதுக்கண்ணாடியை வைத்திருந்த அந்தத் தம்பி தலையைக் குனிந்தபடி வாசித்தான். ஜனங்கள் பாட ஆரம்பித்தார்கள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு நடுவில் நின்றார். யாரோ வந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வியாழக்கிழமையே வந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனம் குத்தியது.

"நீங்க யாரு?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அந்த டிரைவருக்குக் கண்ணாடி செஞ்சு குடுத்தவன்மா."

விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் டிரைவரை வரவழைத்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கச் சொன்னார். அவன் கண்ணை இடுக்கவில்லை. இடுக்கினால் அவிசுவாசம் அல்லவா. நிமிர்ந்து நின்று, உரத்த குரலில், அங்கே எழுதியிராத எதையோ படித்தான். பிறகு தானே நிறுத்திக்கொண்டான். கண் டாக்டரின் சான்று வரும்வரை வேனைத் தொடக்கூடாது என்றார் தலைமையாசிரியை.

வெளியே வந்தபோது அவன், "நீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளே சபை முழுக்க அவர் பெயர் காட்டிக்கொடுத்தவன் என்றாயிற்று. வாசலில் நிற்க வேறு ஆள் போட்டார்கள். அடுத்த வாரம் அவர் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் போகவில்லை.

மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள். "செஞ்சது சரியாவே இருக்கட்டும். குழந்தைங்க போற வண்டி, எனக்கும் புரியுது. ஆனா ஞாயித்துக்கிழமை நான் எங்க போய் உக்காருவேன்? என் பக்கத்துல உக்காந்து அழறதுக்கு முப்பது வருஷமாப் பழகினவங்க அங்கதானே இருக்காங்க."

அவர் அவள் தேய்த்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார். அவள் தொடர்ந்து அங்கேயே போனாள்.

பின்கதவுக்கும் யாரும் வராமல் போனார்கள். ஒரே ஒரு தடவை கீபோர்டு தம்பி வந்தான். காதுக்கம்பியின் திருகு கழன்றிருந்தது.

"அண்ணே, அன்னிக்கு ஐயா ஜாடை காட்டினதும் கை தானா போயிடுச்சு" என்றான்.

இவர் திருகை முடுக்கினார். "தம்பி, நீங்க மட்டும் இல்லை."

"யாருண்ணே?"

"அதை அவங்கவங்கதான் சொல்லணும். ஆனா நீங்க மட்டும் இல்லை."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துகொண்டு போனான். அடுத்த மாதம் அவன் கண்ணாடியோடுதான் கீபோர்டின் முன் உட்கார்ந்தான் என்று மனைவி சொன்னாள். அதற்கடுத்த வாரம் தபாலாபீஸ் அக்கா. போதகர் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டாராம். அந்தப் பெட்டியைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேசவில்லை. தப்பு என்றும் ஒருவரும் சொல்லவில்லை. டிரைவர் வேறு கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, சான்றோடு வேலைக்குத் திரும்பினான். தெருவில் இவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் பார்த்து ஓட்டிக்கொண்டு போவான். இப்போது அவனுக்கு நன்றாகத்தான் தெரிகிறது.

ஒரு மாலை மனைவி வேதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இந்த அதிகாரத்தைக் கொஞ்சம் வாசிங்க. எழுத்து தெரியல." சொல்லிவிட்டு உடனே, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

அவர் வாசித்தார். மறுநாள் பிளஸ் இரண்டரையில் ஒன்று செய்து கொண்டுவந்தார். அவள் அதை வீட்டில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் பத்தாவது வாக்கையும் மற்ற ஒன்பதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுகிற சின்னச் சபைக்குப் போக ஆரம்பித்தார். குழந்தைகள் உட்காருகிற பெஞ்சு, முழங்கால் இடிக்கும். பிரசங்கியார் தூக்கம் வருகிற மாதிரிப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும், "வீட்ல போய் நீங்களே பாத்துக்குங்க" என்பார். அது இவருக்குப் பிடித்திருந்தது. யாரும் அவரை அறியார். நாற்காலி போடவும் யாரும் அழைக்கவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வார்.

ஞாயிறு காலை இருவரும் சேர்ந்தே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பெரிய ரோடு வரைக்கும் ஒன்றாக நடப்பார்கள். அங்கே அவளுக்கு இடப்பக்கம், அவருக்கு வலப்பக்கம்.

"எனக்கு இன்னிக்கு முடிய நேரமாகும்" என்பாள் அவள். "சாவி உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு" என்பார் அவர்.