எஞ்சின் மூடியில் கொட்டிய பொரி

எங்கள் வீட்டு நான்கு பேரில் நேர்மையான ஆள் நான் ஒருத்திதான் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு என் அத்தையின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன் என்பது எனக்கு உறைக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது.

முதலியார்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு கிரில் பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. தாத்தா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா கற்றுக்கொண்ட தொழில் அது. அப்பா கம்பியை வளைப்பார், வெல்டிங் வைப்பார். அப்பாவின் தங்கையான என் அத்தை மொபெட்டில் வீடுவீடாகப் போய் ஜன்னலுக்கும் கேட்டுக்கும் அளவு எடுத்து வருவாள். எங்கள் தொழிலில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். அத்தை எடுத்த அளவு ஒரு நூல் பிசகி யாரும் பார்த்ததில்லை. கொத்தனார்களே தங்கள் அளவை நம்பாமல் அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அப்படிப்பட்ட பட்டறை வாசலுக்கு ஒரு நாள் சாயங்காலம் ஒரு மனிதர் சிவப்பு நிற காரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அவர்கள் வீட்டைத் தெருவில் எல்லோரும் ‘சொல்தா வீடு’ என்பார்கள். இவரைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘முசே’, அதாவது ஐயா, என்பார்கள். கார் அவருடைய அப்பா விட்டுப்போனது. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், உட்கார்ந்தால் தரையோடு தரையாகப் போக வேண்டும். எஞ்சின் பின்பக்கம் இருந்தது. அதன் மேல் தகர மூடி. நம் ஊர் வெயிலுக்கு அந்த மூடிக்குள் சூடு அடைந்து, பீச் ரோட்டை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும்.

தகரத்துக்குப் பதிலாகக் கம்பிச் சட்டம் போட்டு, வலை வைத்த மூடி ஒன்று வேண்டும் என்றார் முசே. அதுவரை கேட்டையும் ஜன்னலையும் தவிர வேறு எதையும் செய்திராத அப்பா, யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், “செஞ்சிடலாம் சார்” என்றுவிட்டார். அத்தை டேப்பை எடுத்து வந்தாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை முசே பிடித்துக்கொண்டார். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, “மூடி முடிஞ்சதும் மொதல் ரவுண்டு உனக்குத்தான்” என்றார். மறுநாளே என் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டே இருக்கை, அதில் ஒன்று எனக்கு!

முதல் மூடி உட்காரவில்லை. அகலம் நாலு நூல் அதிகம். அப்பா நோட்டைப் பார்த்தார். நோட்டில் இருந்தபடிதான் செய்திருந்தார். “தப்பா எழுதிட்டேன்ணே” என்றாள் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அப்பா நோட்டைப் பட்டென்று மூடினார். முசேவுக்கு மட்டும் துளியும் கோபமில்லை. பரவாயில்லை, மறுபடி அளக்கலாம் என்றார். டேப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அளந்தார்கள். ஒரு காரின் பின்பக்கத்தில் அளப்பதற்கு அவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மா என்னிடம் இரண்டு தடவை டீ கொடுத்தனுப்பினாள்.

இரண்டாவது மூடி உட்கார்ந்தது. ஆனால் அத்தை கடையில் பார்த்து வாங்கி வந்த வலை, கொசுகூட நுழைய முடியாத பொடி வலை. அதுதான் பார்க்க லட்சணம் என்று அவளேதான் சாதித்தாள். ஓட்டிப் பார்க்கலாம் என்று முசேவும் அப்பாவும் கடலூர் ரோட்டில் போனார்கள். தவளக்குப்பம் மார்க்கெட்டுக்கு நடுவில் வண்டி நின்றது. “இன்னா சார், கொசுவலை கட்டி எஞ்சினைத் தூங்க வச்சிட்டீங்களா?” என்று காய்கறி விற்கிற அம்மா கேட்டாளாம். குட்டி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு திரும்பிய அப்பா முதல் வேலையாக அந்த வலையைப் பிய்த்து எறிந்தார்.

இதற்கிடையில் திண்டிவனத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஆயுத பூஜை முடிந்ததும் வருகிறார்கள் என்று வீட்டில் பேச்சு. அத்தைக்கு அப்போது முப்பது முடிந்திருந்தது. அப்பா அதை ஒரு சுமையாகவே தூக்கிக்கொண்டு திரிந்தார். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் திண்டிவனம் போய்விட்டால் எனக்கு யார் பின்னல் போடுவார்கள் என்பதுதான் என் கவலை. அம்மாவுக்குத் தலைவாரவே தெரியாது.

அப்போதுதான் முசேவின் கூட்டாளி ஒருவர் வந்து, இந்தத் தடவையும் சரியாக வராவிட்டால் வண்டியை மெட்ராசுக்குக் கொண்டுபோகலாம் என்று அப்பாவின் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. என் முதல் ரவுண்டும் மெட்ராசுக்குப் போய்விடுமே! இனி அத்தையை நம்பிப் பயனில்லை என்று நானே களத்தில் இறங்கினேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் நூல்கண்டையும் பள்ளிக்கூட ஸ்கேலையும் வைத்துக் காரை அளந்தேன். பெரிய வலைக்குச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று அத்தை புதிதாக அளந்து வைத்திருந்தாள். அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சரியான அளவை முதலில் எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் தப்பான அளவை எழுதியிருந்தாள். பாவம், குழம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடித்த அளவுதான் சரி என்று அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன்.

மூன்றாவது மூடியை அப்பா அத்தையைக் கேட்காமலே செய்தார். விரல் நுழைகிற பெரிய வலையைத் தானே போய் வாங்கி வந்தார். சட்டத்தோடு வலையைச் சேர்த்துக் கம்பி கட்டுகிற வேலையை மட்டும் அத்தையிடம் கொடுத்தார். மூடி ‘டக்’ என்று போய் உட்கார்ந்தது. முசே “பர்ஃபே” என்றார், பிரெஞ்சில் கச்சிதம் என்று அர்த்தம். அந்த நல்ல வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் ஏன் அப்படித் தொங்கிப்போனது என்று எனக்குப் புரியவில்லை. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தை மட்டும், “ஏண்டி, ஸ்கூல்ல உனக்கு வேற வேலையே குடுக்கறதில்லையா?” என்றாள். மறுநாள் காலையில் அவள் போட்ட பின்னலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு இறுக்கம்.

அன்றுதான் ஆயுத பூஜை. வெல்டிங் மிஷின், சுத்தியல், அத்தையின் டேப் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. பட்டறைக்குள் நிற்கிற வண்டி யாருடையதாக இருந்தாலும் அதற்கும் மாலை போட்டு, பொரி படைத்த பிறகுதான் வெளியே விடுவோம். பூஜை முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு சுற்று. அதன் பிறகு முசே வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

அப்பா கற்பூரம் காட்டி முடித்தார். அத்தை ஒரு படி பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை எல்லாம் கலந்து வைத்த தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அப்படியே எஞ்சின் மூடி மேல் கவிழ்த்தாள். பழைய தகர மூடியாக இருந்தால் மேலே குவிந்து நின்றிருக்கும். இப்போது சரசரவென்று அத்தனையும் உள்ளே போய்விட்டது. மேலே ஒரு பொரிகூட மிச்சமில்லை.

“ஏம்மா, அந்த வலைய உன் கையாலதானே கட்டின? ஓட்டை இருக்கறது தெரியாதா?” என்றார் அப்பா.

“பழக்க தோஷம்ணே” என்றாள் அத்தை.

நான் தரையில் புரண்டு அழுதேன். அத்தைக்கு என்னைப் பிடிக்காது, அதனால்தான் வேண்டுமென்றே கொட்டினாள் என்று ஊரே கேட்கக் கத்தினேன். வேண்டுமென்றே என்பதில் மட்டும் நான் சொன்னது சரி.

எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் பொரி. சர்க்கரை வேறு. அவசரப்படக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்று முசே சந்தோஷமாகச் சொன்னார். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் வந்தார். இந்தப் பக்கம் அத்தை பிரஷோடு, அந்தப் பக்கம் அவர் இடுக்கியோடு. எங்களால்தான் இவ்வளவு கஷ்டம் அந்த மனிதருக்கு, வேலை முடியட்டும் என்று அம்மா திண்டிவனத்துக்காரர்களைத் தள்ளி வரச் சொன்னாள். ஒன்பதாம் நாள் முசே தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவும் பொரி பொறுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவர்கள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தை மாதம் கல்யாணம். எனக்குச் சொன்ன முதல் ரவுண்டில் என் இருக்கையில் அத்தை உட்கார்ந்துகொண்டு போனாள். அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. மாமா பாவம், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என்னை ஒரு சுற்று கூட்டிப்போய்க் கடனைக் கழித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த முதல் ஆயுத பூஜையன்று நடந்ததைத்தான். நான் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கையில் முசே மூடியைத் திறந்தார். எஞ்சின் காற்றை இழுக்கிற வாய்க்குள் பொரி போயிருந்தால் வண்டியே பாழ் என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அந்த வாயை நீலத் துணி ஒன்று மூடியிருந்தது. மடித்து, சுற்றி, கம்பி கட்டுகிற முடிச்சுப் போட்டு யாரோ இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். ஒரு பொரிகூட உள்ளே போகவில்லை. அத்தையின் பழைய தாவணித் துணி அது. எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

முசே முடிச்சை அவிழ்த்தார். அத்தையை ஒரு தடவை பார்த்தார். துணியை உதறி, நான்காக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். “அம்மா, முசே நம்ம அத்த துணியத் திருடி பாக்கெட்டுல வச்சிக்கினாரு! அத்த பாத்துக்கினே சும்மா நிக்குது!”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி என் வாயில் அடைத்தாள். மென்று விழுங்கிவிட்டு நான் மறுபடி வாயைத் திறந்தேன். இன்னொரு பிடி வந்தது.