அங்கிள் சீராக மூச்சு விடுகிறார்

சென்ற குளிர்காலத்தில், மெல்பர்ன் கிரான்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது இது. அங்கே யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் தனியாக இருக்கிறார். அப்போது அவருடைய கணவர், அங்கிள், இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

மெத்தைக்கு அடியில் வைத்தால் மூச்சைக் கவனிக்கும் கருவி ஒன்றை அங்கிளுக்காக நான்தான் கொடுத்திருந்தேன். நான் வேலை செய்யும் சின்னக் கம்பெனியின் தயாரிப்பு. இன்னும் சோதனையில்தான் இருந்தது. மூச்சு தடுமாறினால் பிள்ளைகளின் போனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் போய்விடும். அதை இப்போது அன்ரியின் பெயருக்கு மாற்ற வேண்டும். அவர் ஒருமுறை மயங்கி விழுந்திருந்தார். கருவி இல்லையென்றால் முதியோர் இல்லம்தான் என்று சிட்னியில் இருக்கும் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்ரிக்கோ வீட்டைவிட்டுப் போகத் துளியும் மனமில்லை.

பெயரை மாற்றினேன். கருவி நின்றது. தானாக உயிர்பெற்று மறுபடி நின்றது. அன்ரி மெதுவாகச் சொன்னார்.

“என்ர பேர் போட்டா நிண்டுபோகுது, தம்பி. அவற்ற பேருக்கு மட்டும் வேலை செய்யுது. நானும் போட்டுப் பாத்தனான்.”

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது. சிரித்துக்கொண்டே அங்கிளின் பெயரைத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. கட்டிலில் படுத்திருந்தது அன்ரி மட்டும்தான். என் போனில் அங்கிளின் பெயர் வந்தது. அதன் கீழே, சீராக மூச்சு விடுகிறார் என்றிருந்தது. பட்டப்பகல்தான், ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படியே விட்டுவிடலாமென்றால், நாளை ஆம்புலன்ஸ்காரருக்கு இறந்தவர் பெயரல்லவா போகும்!

கருவியை எடுத்து வந்து அதற்குள் இருந்த, சி மொழியில் எழுதிய புரோகிராமைக் குடைந்தேன். மெமரியில் பெயரின் எழுத்துகள் வரிசையாக இருக்கும். அவற்றை ஒட்டியே மூச்சின் கணக்கைச் சொல்லும் எண். எழுதியவர், அந்த இடத்தைக் காட்டும் பாயின்டரை ‘இது எண்’ என்று காஸ்ட் செய்து அப்படியே படித்திருந்தார். அந்தச் சின்னச் சிப்போ, மெமரியில் நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்கும் எண்ணைத்தான் எடுக்கும், இல்லாவிட்டால் படுத்துவிடும். ஆங்கிலத்தில் அங்கிளின் பெயர் எட்டெழுத்து, அன்ரியின் பெயர் பதினொன்று; எட்டு நான்கால் வகுபடும், பதினொன்று வகுபடாது. ஆபீஸில் நாங்கள் எப்போதும் நான்கெழுத்தில் ‘டெஸ்ட்’ என்றே போட்டுப் பார்த்திருக்கிறோம். அவ்வளவுதான் பேய்!

எண்ணை பைட் பைட்டாக வேறிடத்துக்கு நகலெடுத்துப் படிக்கும்படி மாற்றினேன். மறுநாள் அன்ரியின் பெயரிலேயே பச்சை விளக்கு நின்று எரிந்தது. மகனும் போனில் சரியென்றார். பெருமை தாங்காமல் நடந்ததையெல்லாம் அன்ரிக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கட்டிலின் மறுபாதியைக் கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அவர் இல்லையெண்டோ சொல்லுறியள், தம்பி?”

இன்றும் பாயின்டரை காஸ்ட் செய்யப் போகும்போதெல்லாம், நான் பிழை திருத்திய அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அங்கிள் நிஜமாகவே இறந்துபோனார் என்ற நினைப்பு வந்து, என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.