கூடப் போனவங்க வந்தாச்சுங்களா

கம்ப்யூட்டரில் முதுகலைப் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று கல்லூரிக் கையேட்டில் ஒரு பக்கம் அச்சடித்திருந்தார்கள். இளங்கலையில் கணக்கு படித்திருக்க வேண்டும், எல்லாத் தாளிலும் தேறியிருக்க வேண்டும், வருகைப்பதிவு குறையக் கூடாது, கடைசியில் ஒரு புராஜெக்ட். அதை இருவர் சேர்ந்தும் செய்யலாம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் புரோகிராம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட வேண்டும். ஓடாவிட்டால் பட்டம் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். இந்தக் கடைசி ஒன்றுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

எண்பதுகளின் கடைசி, சேலம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், கம்ப்யூட்டர் அறைக்குள் மார்கழிக் குளிர். தூசி ஆகாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது, ஏ.சி. உறுமிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த அறை முதல் நாளே பிடிக்கவில்லை. அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் என்றால் என் புராஜெக்ட் கூட்டாளி, மேச்சேரிக்காரி, ஹாஸ்டலில் அடுத்த கட்டில். சரியான வாயாடி. நான் மல்லசமுத்திரம். எனக்குப் பேச்சு வராது, கோபம்தான் சட்டென்று வரும்.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசுக்குப் புரோகிராம் எழுதித் தர ஒப்புக்கொண்டோம். எந்த லாரி எங்கே போனது, யார் யார் போனார்கள், திரும்பியதா என்று பதிந்து, கடைசியில் கணக்கு அச்சாக வேண்டும். ஒருமுறை வடக்கே ஏதோ டீக்கடையில் கிளீனரை விட்டுவிட்டு லாரி மட்டும் வந்து சேர்ந்துவிட்டதாம். முதலாளிக்கு அது ஆறவே இல்லை.

"லாரி வந்துட்டாப் போதுமா சாமி? போன ஆளு ரெண்டும் வந்தாச்சான்னு உங்க பொட்டி கேக்கோணும். வந்தாச்சுன்னு சொன்னாத்தான் கணக்கை மூடோணும்" என்றார்.

பதிகிற பகுதியை நான் எழுதினேன், கணக்கை மூடுகிற பகுதியை அவள். திரையில் வரும் கேள்விகளை இங்கிலீஷ் எழுத்தில், ஆனால் எங்கள் பேச்சிலேயே வைத்தாள். "லாரி ஆபீஸ் கிளார்க்குக்கு இங்கிலீசு எழுத்துதான் தெரியும், இங்கிலீசு தெரியாதே புள்ள." அதனால் இருட்டுத் திரையில் பச்சை எழுத்தில், டிரைவர் யாருங்க, கூட யாருங்க என்று கேட்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிற அன்று மத்தியானம், சோதித்துப் பார்க்க அவளே ஒரு ட்ரிப் பதிந்தாள். டிரைவர் நான், கூட அவள், மேச்சேரிக்கு ஒரு லோடு செம்மறி. லேசாகக் காய்ச்சல் என்றாள். கண் மஞ்சளாக இருந்ததை நான் ஜன்னலில்லாத அறையின் விளக்கு மங்கல் என்று நினைத்துக்கொண்டேன். "மூடற வேலையெல்லாம் வந்து பாத்துக்கலாம் புள்ள" என்று போனாள்.

மஞ்சள் காமாலை. எங்களுக்குச் செய்தி வந்தபோது காரியமே முடிந்திருந்தது. அழுதேன். பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று கோபமும் வந்தது, அதை மறைப்பானேன். எங்கள் புராஜெக்டை மேற்பார்க்கும் கைடு சார், "ரெண்டு பேர் பேரும் யுனிவர்சிட்டிக்குப் போயாச்சும்மா, இனி மாத்த முடியாது. ஒருத்தியா முடிச்சுரு" என்று சொல்லிவிட்டார்.

தனியாக உட்கார்ந்து ஓட்டினேன். அவள் பதிந்த ட்ரிப் பைலில் அப்படியே திறந்து கிடந்தது. அதை மூடினால்தான் கணக்கு அச்சாகும். டிரைவர் வந்தாச்சுங்களா என்று கேட்டது. ஆமாம் என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு இரண்டு. ஒன்று போட்டேன்.

கூடப் போனவங்க வந்தாச்சுங்களா?

இரண்டு போட்டேன். திரை ஒரு கணம் காலியாகி, மறுபடி அதையே கேட்டது. போடப் போடக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு அவள் எழுதிய நாலைந்து வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். பிழையே இல்லை. முதலாளி கேட்டதைத்தான் அப்படியே எழுதியிருந்தாள்.

ஒன்றைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? விரல் அதன்மேல் போய் நின்றுவிடும். பொய் சொல்லப் பயந்தவள் இல்லை நான், வார்டனிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். வந்தாச்சு என்று நான் சொல்லி, அவள் வந்துவிட்டால்? அதுதான் பயம். கம்ப்யூட்டர் படிக்கிறவள் பயப்படுகிற பயமா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த நாலைந்து வரிகளை அழித்துவிட்டிருக்கலாம், அதற்கும் மனசு வரவில்லை. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமலே எழுந்து வருவேன். வெளியே வந்ததும் வாசலில் என் செருப்பு மட்டும்தான் கிடக்கிறதா என்று பார்ப்பேன். தினமும் இதே கதை. முடிவுவரை ஒருதரம்கூட ஓட்டாமல்தான் தேர்வுக்குப் போனேன்.

தேர்வாளர் வெளியூர்க்காரர், சாதுவான மனிதர். கைடு சார் காபிக்குச் சொல்ல வெளியே போயிருந்தார். ஓட்டிக் காட்டினேன். அந்தக் கேள்வி வந்தது. பழக்கத்தில் கை இரண்டைத் தட்டியது. மறுபடி கேட்டது. மறுபடி இரண்டு.

"என்னம்மா, சுத்திச் சுத்தி அங்கேயே நிக்குது? தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பில்லைங்க சார்."

"அப்ப முடிச்சுக் காட்டுங்க. முடியலைன்னா நான் மார்க் போட முடியாது."

ஊரில் அப்பா பட்டம் வரும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் ஒன்றைத் தட்டினேன். திரை இருண்டது. பிரிண்டர் கறகறவென்று ஓடத் தொடங்கியது. பிறகு திரையில் நான் அதுவரை பார்த்தே இராத வரி ஒன்று வந்து நின்றது: ரெண்டு பேரும் வந்தாச்சுங்க.

அவர் ரசித்துச் சிரித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி மார்க் போடப் போனவர், புராஜெக்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு பேரு இருக்கே. ரெண்டு பேரும் வந்தாச்சுன்னு உங்க புரோகிராமே சொல்லுது. அந்தப் பொண்ணையும் உள்ளே வரச் சொல்லுங்க."

செத்துப்போயிட்டா சார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. கதவைப் பிடித்தபடி, ஓர் ஆள் உள்ளே வர இடம் விட்டு ஒதுங்கி நின்றேன்.