மஜ்லிஸ் அடித்த ஆணி

மஜ்லிஸ் என்று நாங்கள் சொல்லும் நகராண்மைக் கழகத்தின் தலையாய பணி பேய் பிடிப்பதுதான் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். குப்பை அள்ளுவது, கால்வாய் வாருவது எல்லாம் ஊருக்குக் காட்டும் வேஷம் என்பது என் முடிவு.

இந்த ஞானத்தை எனக்கு ஊட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. லாரிக்கு உதவியாளாகப் போவார். வேலையில்லாத நாள்களில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். சாப்பாட்டுக்குக் கைம்மாறாக என் தலையில் எதையாவது ஏற்றிவிட்டுப் போவார்.

அப்போது நாங்கள் மலாய் நாட்டுச் சிற்றூரான புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். எங்கள் வாசலுக்கு எதிரே நின்ற மரத்தடியில், அப்பாவின் அக்காவான என் அத்தை காலையில் மேசை போட்டு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்பார். அந்த நிழல்தான் அவருக்குக் கடை. கூரை, சுவர், முகவரி எல்லாம் அதுவே.

வம்பு என்னவென்றால், மேசைக்கு நேர் மேலே ஒரு பெரிய கிளை விரிசல் விட்டுத் தொங்கியது. வடை வாங்க வந்தவர்கள் ஒரு கண்ணை வடையிலும் மறு கண்ணைக் கிளையிலும் வைத்தார்கள். அப்புறம் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். அத்தை மேசையைத் தள்ளி வெயிலில் போட்டுப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் தேங்காய்ப்பால் சோறு ஊசிப்போனது.

அத்தை ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. சாலைக்காரர்கள் சாலை மட்டும்தான் தங்களுடையது என்றார்கள். ரயில்காரர்கள் சாலைக்காரர்களைக் காட்டினார்கள். மஜ்லிஸில் பார்க்கிறோம் என்றார்கள். யாருக்கும் சொந்தமில்லாத மரத்தின் கிளை, அத்தையின் தலைக்கு மட்டும் சொந்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் பள்ளி விட்டு வரும்போது, மஜ்லிஸ் ஆள்கள் இருவர் அந்த மரத்தில் சின்னத் தகரத் தகட்டை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தகட்டில் ஒரு நம்பர். எதற்கு என்று மாமாவிடம் கேட்டேன். மாமா முகத்தில் சிரிப்பே இல்லை.

“பேய அடிச்சு வைக்கிறாங்க லா. மரத்துக்கு ஒண்ணு. நம்பர் போடலன்னா எந்தப் பேய் எங்க இருக்குன்னு மஜ்லிஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?”

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பேய் பிடித்தவரின் முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்தால் பேய் அதிலேயே அடங்கிவிடும் என்று ரப்பர் தோட்டத்து ஆள்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அரசாங்கம் அதையே ஒழுங்காக, நம்பர் போட்டுச் செய்கிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள். சர்ச்சுக்குப் போகிற பிள்ளை பேய்க்குப் பயப்படக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆகவே யாருக்கும் தெரியாமல் பயந்தேன்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பினால், வரிசையாக எல்லா மரத்திலும் தகடு. இடப்பக்கம் பேய், வலப்பக்கம் பேய். எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான வழி நடுச்சாலை. நெஞ்சில் சிலுவை போட்டபடி அதில் நடந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, என் காதைப் பிடித்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். அதாவது, நேராகப் பேயின் மடியில்.

வீட்டிலோ வேறு விதமான பயம். அத்தை தோட்டத்தில் வளர்ந்தவர். பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைப்பதற்கு முன்னால் மரத்தில் அடையாளம் போடுவதை அவர் பார்த்திருக்கிறார். மரத்தில் குறி வைத்தால் அவருக்கு ஒரே பொருள்தான்.

“நான் கெளைய வெட்டச் சொன்னேன். அவனுங்க மரத்தையே சாய்க்கப் போறானுங்க,” என்று மாமாவிடம் புலம்பினார். “அந்தத் தகரத்தப் புடுங்கிடு தம்பி. குறி இல்லாத மரத்த விட்டுட்டுப் போயிடுவானுங்க.”

அன்று சாயங்காலம், மரம் இலைகளை மூடிக்கொள்ளும் நேரத்தில், மாமா சுத்தியலோடு வந்தார். எனக்கு உலகம் இருண்டது. ஆணிக்குள் இருக்கும் பேயைவிட ஆணியிலிருந்து கிளம்பும் பேய் மோசம் அல்லவா? ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, புடுங்காதீங்க, வெளிய வந்துரும் என்று கத்தினேன்.

“எதுடா வெளிய வரும்?” வாசலில் அப்பா.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா, இந்த நிமிடமே ரயில் வரப்போவதைப் போலத் தண்டவாளத்தைப் பார்த்தார். உண்மை தெரிந்தால் எங்கள் வீட்டில் அவருடைய சாப்பாட்டுக் கணக்கு அத்தோடு முடிந்தது.

“பிள்ள எதுக்கோ பயந்துருக்கு மச்சான். காலைல பாத்துக்கலாம்லா,” என்றார்.

விடிந்தது. மாமா மறுபடியும் சுத்தியலோடு மரத்தடிக்குப் போனபோது, எங்களுக்கு முன்பே மஜ்லிஸ் லாரி வந்து நின்றது. ரம்பம், கயிறு, ஏணி. மாமா சுத்தியலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சும்மா நடக்க வந்தவர் போல வானத்தைப் பார்த்தார். அத்தை மட்டும் வடைத் தட்டோடு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். நகரச் சொன்னார்கள், நகரவில்லை. மரம் போனால் நான் எங்கே போவது என்று மலாயில் கேட்டார்.

ஆள்களுக்குத் தலைவராக வந்த மலாய்க்காரப் பெரியவர் தகட்டைத் தொட்டுக் காட்டி மலாயில் சொன்னது இது:

“மரத்த யாரு சாய்க்கிறா அக்கா? நம்பர் போட்டா எங்க மரம்னு அர்த்தம். எங்க மரத்த நாங்கதானே பாத்துக்கணும். நம்பர் இல்லாத மரமா இருந்தா தாண்டிப் போயிருப்போம்.”

மாமாவின் சட்டைக்குள் சுத்தியல் அசைந்தது.

ஆள் ஒருவர் ஏறினார். விரிசல் கிளையைக் கயிறு கட்டி, அறுத்து, மெதுவாக இறக்கினார்கள். வெட்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ பூசினார்கள். எந்தப் பொந்திலிருந்து பேய் குதிக்குமோ என்று நான் வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எதுவும் குதிக்கவில்லை. ஆனால் அத்தை கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு ஒருவர் எதற்காக அழ வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் பேய் பயம் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்த மரம் தன் பொறுப்பு என்று நகராண்மைக் கழகம் ஏற்றுக்கொண்டது. முறிய இருந்த ஒரு கிளையை வெட்டியது, மரத்தை விட்டுவைத்தது. அத்தை அதன் நிழலில் இன்னும் பல வருஷம் வடை விற்றார்.